பச்சமாமாவும் பச்சையம்மனும்: கெச்சுவா மொழி பற்றி ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று நிறுவ முயன்று, தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்துவிட்டேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை படித்தபோது, இதை இப்படியே விட்டால் அடுத்த ஆண்டு பள்ளி விழாப் பேச்சுகளில் எல்லாம் இது புகுந்துவிடுமே என்ற கவலை வந்தது. தண்டையார்பேட்டையில் 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். கண்புரை அறுவைக்குப் பிறகு வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில் பொழுதுபோக்காகத் தொடங்கி, மூன்று ஆண்டுகளாகப் பேரனின் கைபேசி உதவியோடு கெச்சுவா இலக்கணத்தை எழுத்துக்கூட்டிப் படித்து வருகிறேன். அந்த மொழியில் நான் இன்னும் அரிச்சுவடி மாணவன்தான். ஆனாலும் கட்டுரையில் உள்ள பிழைகள் அரிச்சுவடி மாணவன் கண்ணுக்கே தெரிகிற பிழைகள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் முதன்மைச் சான்றாக வைப்பது 'பச்சமாமா' என்ற சொல்லை. ஆண்டிஸ் மலைமக்கள் வணங்கும் நிலத்தாயின் பெயர் அது. அதைப் 'பச்சை அம்மா' என்று பிரித்து, நம் திருமுல்லைவாயிலில் கோயில் கொண்டிருக்கும் பச்சையம்மனோடு இணைத்துவிட்டார். கெச்சுவாவில் 'பச்ச' என்பதற்கு நிலம், உலகம், காலம் என்று பொருள். பச்சை நிறத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 'மாமா' என்றால் தாய் என்பது உண்மைதான். ஆனால் உதடு ஒட்டிப் பிரியும் மகர ஒலி குழந்தை வாயில் முதலில் வருகிற ஒலிகளில் ஒன்று என்பதால், உலகத்தின் பாதி மொழிகளில் தாயைக் குறிக்கும் சொல் இப்படித்தான் இருக்கிறது. அடுத்த சான்று, வீட்டைக் குறிக்கும் 'வஸி'. இதை நம் 'வசி'யோடு ஒப்பிட்டு மகிழ்கிறார். ஆனால் 'வசி' என்பதே வடமொழி வேரிலிருந்து நமக்கு வந்த சொல். ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு நானும் ஒரு சொல் தருகிறேன். கெச்சுவாவில் 'ஞான்' என்றொரு சொல் உண்டு. பழந்தமிழிலும் மலையாளத்திலும் பழகிய நமக்கு உடனே 'நான்' என்று தோன்றும். ஆனால் அதற்குப் பொருள் சாலை. 'நான்' என்பதற்கு அவர்கள் சொல்வது 'ஞுக'.

இரண்டு மொழிகள் ஒரே குடும்பம் என்று சொல்ல, ஒலி மாற்றம் விதிப்படி நிகழ்ந்திருக்க வேண்டும். நம் பால் கன்னடத்தில் ஹாலு, பாம்பு ஹாவு, பல் ஹல்லு, பத்து ஹத்து. ஒன்றில் பகரம் வருகிற இடத்தில் மற்றொன்றில் ஹகரம் வரிசையாக வந்து நிற்பதுதான் உறவுக்கு அடையாளம். இந்த வகை ஆராய்ச்சிக்கு நம் ஊரே ஒரு பிறப்பிடம் என்பதைக் கட்டுரையாளர் மறந்துவிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1816இல், சென்னையில் இருந்த எல்லிஸ் துரை தென்மொழிகள் தமக்குள் உறவுடையவை, வடமொழியிலிருந்து வேறானவை என்று வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டினார். அப்படியொரு வரிசையைத் தமிழுக்கும் கெச்சுவாவுக்கும் இடையே காட்டியவர் எவரும் இல்லை.

அமைப்பில் ஒற்றுமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. என்னை அந்த மொழிக்குள் இழுத்ததே அதுதான். வேரின்மேல் ஒட்டை அடுக்கிப் பொருளை வளர்க்கும் முறை நமக்குப் பழக்கமானது. வஸி என்றால் வீடு, வஸிய்கி என்றால் உன் வீடு, வஸிய்கிகுன என்றால் உன் வீடுகள், வஸிய்கிகுனமன்த என்றால் உன் வீடுகளிலிருந்து. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பதினொன்றைப் 'பத்து, ஒன்றோடு கூடியது' என்றும், இருபதை 'இரண்டு பத்து' என்றும் எண்ணுகிறார்கள். ஆனால் துருக்கியும் ஜப்பானியமும் இப்படி ஒட்டை அடுக்கும் மொழிகள்தாம். அதற்காக அவற்றை நாம் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதில்லை. வேற்றுமைகளையும் எடுத்து வைக்க வேண்டும். நமக்கு அவன், அவள், அது என்று பால் பிரிக்காமல் வினை முடியாது. கெச்சுவாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'பய்' என்ற ஒரே சொல். 'உன் வீடு' என்பதில் 'உன்' நமக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்கும். அவர்களுக்கு அது பின்னால் ஒட்டாகத் தொங்கும். 'ரிகுய்கி' என்றால் 'நான் உன்னைப் பார்க்கிறேன்'. பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் அந்த ஒரே வினைக்குள் அடங்கிவிடுகிறார்கள். நம் வினைமுற்றில் எழுவாய்க்கு மட்டுந்தான் இடம் உண்டு.

ஒற்றுமைகளில் என்னை மிகவும் வியக்க வைத்தது 'நாம், நாங்கள்' என்ற வேறுபாடு. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'ஞுகஞ்சிக்', விலக்கிச் சொன்னால் 'ஞுகய்கு'. டொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற ஸ்பானியத் துறவி 1560இல் ஸ்பெயினின் வய்யதோலித் நகரில் அச்சிட்ட இலக்கணந்தான் கெச்சுவாவுக்கு முதல் இலக்கணம். இந்த வேறுபாட்டை ஐரோப்பியர் ஒருவர் முதன்முதலில் விளக்கி அச்சேற்றியதும் அதில்தான். ஐரோப்பிய மொழி பேசியவருக்கு இது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும் என்பதை, இந்தி பேசும் வீட்டிலிருந்து சௌகார்பேட்டையைத் தாண்டி என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எனக்குப் பலமுறை உணர்த்தியிருக்கிறார்கள். 'சார், நாம ஊருக்குப் போறோம், நாலு நாள் லீவு' என்பார்கள். என்னையும் கூட்டிப்போகிறீர்களா என்று கேட்டால்தான் 'நாங்க' என்று திருத்திக்கொள்வார்கள். இராயபுரத்துத் தேவாலயங்களில் 'எங்கள் தந்தையே' என்றுதான் வேண்டுகிறார்கள். 'நம் தந்தையே' என்றால் கடவுளுக்கும் சேர்த்து ஒரு தந்தையைக் கற்பித்ததாகிவிடும். கெச்சுவாவில் அதே வேண்டுதல் 'யாயய்கு' என்று தொடங்குகிறது. அங்கும் விலக்கும் ஒட்டேதான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகளில் இரண்டு மொழிபெயர்ப்பாளர் கூட்டம் ஒரே இடத்தில் நின்று யோசித்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறது. இதை உறவுக்குச் சான்றாக்காமல் விட்டாலும் இதன் சுவை குறைவதில்லை.

இன்னொரு கூறு கெச்சுவாவின் பெருமைகளில் ஒன்று. ஒருவர் ஒன்றைச் சொல்லும்போது, அது தமக்கு எப்படித் தெரியும் என்பதையும் ஓர் ஒட்டால் காட்டிவிடுவார். பெரு நாட்டின் அயகுச்சோ வட்டார வழக்கில் 'பரமுச்கன்மி' என்றால் மழை பெய்கிறது, எனக்கு உறுதியாகத் தெரியும். 'பரமுச்கன்ஸி' என்றால் பெய்கிறதாம், பிறர் சொல்லக் கேட்டேன். 'பரமுச்கன்ச்சா' என்றால் பெய்துகொண்டிருக்கும், என் ஊகம். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 'போட்டு ஒன்னு கவுந்துச்சு' என்று ஒரு மீன்காரம்மா சொன்னால் அந்தச் செய்திக்கு அவரே பொறுப்பு. 'கவுந்துச்சாம்' என்றால் கரையில் யாரோ சொன்னது. 'கவுந்திருக்கும்' என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை என்ற பதைப்பு. நமக்கு இவை விரும்பினால் சேர்க்கும் சொற்கூறுகள். கெச்சுவாவிலோ வாக்கியத்தின் நாடித்துடிப்பே இந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது. இறந்தகாலத்திலும் நேரில் கண்டதற்கு ஒரு விகுதி, காணாததற்கு இன்னொன்று. தூங்கும்போது நடந்ததையும் பழங்கதைகளையும் இரண்டாவதால்தான் சொல்வார்கள். செய்தித்தாள்களுக்கு இப்படியொரு கட்டாயம் இருந்திருந்தால், தங்கள் கட்டுரையின் பெரும்பாலான வாக்கியங்கள் '-ஸி' என்றே முடிந்திருக்கும். ஆசிரியர் இந்த வரியைப் பொறுத்தருள வேண்டும்.

காலத்தைப் பற்றிய அவர்களுடைய சொற்களையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 'ஞவ்ப' என்றால் முன்புறம்; கடந்த காலமும் அதுவே. 'கிப' என்றால் பின்புறம். வரப்போகும் காலமும் அதுவே. நாமும் 'முன்பு' என்று கழிந்ததையும் 'பின்பு' என்று வரப்போவதையும் சொல்கிறோம். நடந்தது கண்ணெதிரே கிடக்கிறது, நடக்கப்போவது முதுகுக்குப் பின்னால் தெரியாமல் நிற்கிறது. கெச்சுவாவின் பக்கத்து மொழியான அய்மாராவிலும் இதே வழக்கம் இருக்கிறது.

ஒலியமைப்பில்தான் நம் நாக்கு அவர்களிடம் தோற்கிறது. உயிர் மூன்றே: அ, இ, உ. எகரமும் ஒகரமும் அடித்தொண்டையில் பிறக்கும் ஒரு ககரத்துக்கு அருகில் இகர உகரங்கள் திரிந்து வருபவை. அவற்றுக்குத் தனி எழுத்து வேண்டுமா, மூன்று உயிரே போதுமா என்று பெரு நாட்டில் பல பத்தாண்டுகளாகச் சண்டை நடக்கிறது. 1985இல் அரசு மூன்றென்று முடிவு செய்தும், குஸ்கோ நகரத்து மொழிக் கழகம் ஐந்து வேண்டும் என்பதில் விடாப்பிடியாக நிற்கிறது. நம் எழுத்துச் சீர்திருத்தப் பூசல்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. குஸ்கோ வழக்கில் ஒவ்வொரு வல்லினத்துக்கும் மூன்று வடிவங்கள் உண்டு. இயல்பான தகரத்தோடு 'தன்த' என்றால் திரட்டல். மூச்சு கலந்த தகரத்தோடு சொன்னால் கந்தல். தொண்டையை அடைத்து, வாய்க்குள் தேங்கிய காற்றை மட்டும் பட்டென்று வெடிக்கவிட்டுச் சொன்னால் ரொட்டி. நம் எழுத்தில் மூன்றையும் ஒரே மாதிரிதான் எழுத முடியும். கட்டுரையின் சொற்பட்டியலில் ரொட்டிக்கான சொல்லும் அப்படித்தான் கந்தலாக அச்சாகியிருக்கிறது.

இனி வரலாறு. 'அழிந்துபோன இன்கா மொழி' என்று தாங்கள் இட்ட துணைத்தலைப்பில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது, கெச்சுவா, ஸ்பானியர் வருமுன் ஆண்டிஸ் பகுதியை ஆண்ட இன்காக்களால் பிறந்த மொழி அன்று. 1960களில் கேரி பார்க்கர், அல்ஃப்ரெதோ தொரெரோ என்ற இரு மொழியியலாளர்கள் தனித்தனியே வட்டார வழக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து, இன்காக்களின் தலைநகரான குஸ்கோவைச் சுற்றி அல்ல, பெருவின் நடுப்பகுதியில்தான் கிளைப்பு மிகுதியாக உள்ளது என்று காட்டினார்கள். ஒரு மொழி எங்கே நெடுங்காலம் வேரூன்றியிருக்கிறதோ அங்கேதான் அது பலவாறு பிரிந்திருக்கும். ஆகவே இன்காக்கள் அதைப் பெருக்கியவர்களே அன்றிப் பெற்றவர்கள் அல்லர். அங்காஷ் மலைக்காரர் பேசுவது குஸ்கோக்காரருக்கு எளிதில் விளங்காது. ஆகையால் இதை ஒரு மொழி என்பதைவிட ஒரு மொழிக்குடும்பம் என்பதே பொருந்தும். 'கெச்சுவா' என்ற பெயரும் அந்த 1560ஆம் ஆண்டுத் துறவியின் நூல்களால் அச்சேறி நிலைத்தது. பேசுபவர்கள் அதை 'ருனஸிமி' என்கிறார்கள். ருன என்றால் மனிதர், ஸிமி என்றால் வாய், சொல் என்று இரண்டும். நம் 'வாய்மொழி' நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது பிழைக்கு வருகிறேன். இன்காப் பேரரசன் அதாவல்பாவை 1532இல் கஹமார்காவில் பிடித்து மறு ஆண்டு கொன்ற ஸ்பானியர்கள், மொழியை உடனே ஒடுக்கிவிடவில்லை. மதம் பரப்ப அதையே பொதுமொழியாகப் பயன்படுத்தியதால், முன்பு பேசப்படாத சில இடங்களுக்குக்கூட அது பரவியது. தென் அமெரிக்காவிலேயே முதலில் அச்சான புத்தகம், 1584இல் லிமாவில் அந்தோனியோ ரிகார்தோ அச்சிட்ட ஸ்பானிய, கெச்சுவா, அய்மாரா மும்மொழி ஞானோபதேசம். அதற்கு ஆறே ஆண்டுகளுக்கு முன்பு, 1578இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறித்தவ நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. கட்டுரையாளர் தமிழோடு உண்மையான ஓர் ஒப்பீட்டை விரும்பியிருந்தால் இங்கே தொடங்கியிருக்கலாம்.

ஒடுக்குமுறை பின்னர்தான் வந்தது. ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1770இல் பூர்வகுடி மொழிகளை ஒழித்து ஸ்பானியத்தை மட்டும் பேசச் செய்யுமாறு ஆணையிட்டார். 1780இல் இரண்டாம் துபாக் அமாரு என்ற பூர்வகுடித் தலைவர் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து, 1781 மே மாதம் குஸ்கோவின் நடுச்சதுக்கத்தில் மனைவியோடும் மூத்த மகனோடும் கொல்லப்பட்டபோது, அந்தத் தீர்ப்பிலேயே மக்களின் உடைக்கும் நாடகங்களுக்கும் மொழிக்கும் சேர்த்துத் தடை எழுதப்பட்டது. அதன் பிறகும் மொழி சாகவில்லை. வெட்கப்பட வேண்டிய ஒன்றாக மட்டும் ஆனது. மலையிலிருந்து லிமாவுக்குப் பிழைக்க வந்தவர்கள் பிள்ளைகளிடம் அதைப் பேசாமல் விட்டார்கள். வட சென்னையில் வாழ்கிறவனுக்கு இது புரியாத செய்தி அன்று. எங்கள் பேச்சைத் திரையில் கேட்டுச் சிரிப்பவர்களை நாங்கள் அறிவோம். வகுப்புக்குச் சோதனைக்கு வந்த ஓர் அதிகாரி, 'இன்னா சார்' என்று இயல்பாகக் கேட்டுவிட்ட பையனை எழுந்து நிற்கச் சொல்லி அதையே மூன்று முறை சொல்லவைத்ததும், அந்தப் பையன் அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் வாய் திறக்காமல் இருந்ததும் எனக்கு மறக்கவில்லை.

பெருவில் இந்த வெட்கத்துக்கு உயிரே விலையாக இருந்த காலமும் உண்டு. 1980 முதல் 2000 வரை அங்கே நடந்த உள்நாட்டு வன்முறையைப் பற்றி உண்மை அறியும் ஆணையம் 2003இல் அளித்த அறிக்கை, இறந்தோரும் காணாமற்போனோரும் சுமார் 69,000 பேர் என்று மதிப்பிட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவாவையோ வேறொரு பூர்வகுடி மொழியையோ தாய்மொழியாகக் கொண்டவர்கள். அதே நாட்டில்தான், 1975 மே 27இல், ஹுவான் வெலாஸ்கோ ஆட்சி கெச்சுவாவை ஸ்பானியத்துக்கு இணையான ஆட்சிமொழி என்று சட்டமாக்கியது. 1993ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, பெருவாரியாகப் பேசும் பகுதிகளில் மட்டுமே அது ஆட்சிமொழி. பொலிவியாவின் 2009ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதையும் உள்ளிட்ட 36 பூர்வகுடி மொழிகளுக்கு ஸ்பானியத்தோடு அந்தத் தகுதியைத் தந்திருக்கிறது. பெருவின் 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டும் 37 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கெச்சுவாவைத் தாய்மொழியாகப் பதிந்திருக்கிறார்கள். பொலிவியா, எக்வதோர் முதலிய நாடுகளையும் சேர்த்தால் பேசுவோர் தொகை 80 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை வரும். 2019இல் லிமாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கெச்சுவாவிலேயே எழுதி, கெச்சுவாவிலேயே வாதாடினார். 1551இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் அதுவே முதல் முறை. இந்த மொழியைத்தான் தங்கள் துணைத்தலைப்பு புதைத்துவிட்டது.

தமிழுக்கும் கெச்சுவாவுக்கும் உண்மையில் ஏதாவது கொடுக்கல் வாங்கல் உண்டா என்று கேட்டால், ஒன்றிரண்டு சொற்களைச் சொல்லலாம். பூமா என்ற விலங்கின் பெயரும் இப்போது கடைகளில் விற்கிற கினுவா தானியத்தின் பெயரும் அங்கிருந்து ஸ்பானியம், ஆங்கிலம் வழியாக நம் காதுக்கு எட்டியவை. எனக்கு நெருக்கமானது கொயினா. கொசுவும் மலேரியாவும் எங்கள் பகுதிக்குப் பழைய விருந்தாளிகள். சிறுவயதில் காய்ச்சலில் நடுங்கியபோது அம்மா வெல்லக் கட்டிக்குள் வைத்துக் கொடுத்தும் தொண்டையில் கசந்து இறங்கிய அந்த மாத்திரையின் பெயர், மரப்பட்டையைக் குறிக்கும் 'கினா' என்ற கெச்சுவாச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் பட்டை தரும் சின்கோனா மரத்தின் கன்றுகளையும் விதைகளையும் ஆண்டிஸ் மலையிலிருந்து 1860இல் நீலகிரிக்குக் கொண்டுவரும் வேலையை முன்னின்று நடத்தியவர் கிளெமெண்ட்ஸ் மார்க்கம். நான்கு ஆண்டுகள் கழித்துக் கெச்சுவாவுக்கு ஓர் இலக்கணமும் அகராதியும் வெளியிட்டவரும் அவரே. நடுவட்டத்துத் தோட்டங்களும் கொயினா ஆலையும் அந்த வழியில் வந்தவைதாம்.

தாங்கள் செய்ய வேண்டியதாக நான் கேட்பது இரண்டே. 'அழிந்துபோன' என்ற சொல்லுக்கும் 'தமிழிலிருந்து பிறந்த' என்ற தொடருக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், திருத்தம் வெளியிட வேண்டும். உள்பக்கத்தின் மூலையில், இரங்கல் விளம்பரங்களுக்கு நடுவே வெளியிட்டால், கட்டுரையைப் படித்தவர்கள் கண்ணில் அது படாது. சொற்பட்டியலையும் திருத்தி வெளியிடுவதானால் ரொட்டியை மட்டும் விட்டுவிடலாம். மூன்று ஆண்டுகளாகப் பழகியும், நான் அந்தச் சொல்லைச் சொன்னால் இன்னும் கந்தல்தான் வருகிறது. பேரனுக்கு மட்டும் நாலில் ஒரு முறை ரொட்டி விழுகிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.